ஆறு பேரும் ஒரே நிமிஷத்தில் இறங்கினார்கள்

எங்கள் உடற்பயிற்சித் துறையில் புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறதாம். பட்டை ஓடுமாம், ஆள் அதன்மேல் நின்ற இடத்திலேயே ஓடுவானாம், நாடித்துடிப்பை அது தாளில் கோடாகப் போட்டுக் காட்டுமாம். அதன் திறப்பு விழா மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி இப்போதைய விரிவுரையாளர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். காபி குடித்து எழுந்திருக்கும்போது மூத்தவர் மெல்ல இழுத்தார். “பழைய விவகாரம் எதுவும் வேண்டாங்க ஐயா. விழா மலர் பாருங்க.” இளையவர் அப்படியெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. “பழைய பதிவேட்டைப் புரட்டினேனுங்க. பயிற்சி வகுப்புக்குத் தலைவரா நீங்க இருந்தது மூணே வருஷம். அதுக்கப்புறம் ஓய்வு பெறற வரைக்கும் வெறும் ஆசிரியர். ஏனுங்க ஐயா அப்படி?”

அந்த இளையவருக்காகத்தான் எழுதுகிறேன். மூத்தவர் இதை மலரில் போடாமல் விட்டால் எனக்கு ஒன்றும் முழுகிப் போய்விடாது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிறந்தது ராசிபுரம். சென்னையில் ஒரு வருஷம் உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சி. நாலு ஊரில் டிரில் மாஸ்டர். விசில் ஊதி ஊதித் தொண்டை போனதுதான் மிச்சம். பிறகு பல்கலைக்கழகம் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கான இந்தப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியபோது உதவியாளராகச் சேர்ந்து, சில வருஷத்தில் அதற்கே தலைவனானேன். வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டாத காலம். உடற்பயிற்சி என்றால் கைகால் ஆட்டுவது என்று மற்றத் துறைக்காரர்கள் சிரிப்பார்கள். நாங்கள் நாடி எண்ணினோம், மூச்சை அளந்தோம், எத்தனை ஏற்றம் ஏறினால் இதயம் எத்தனை அடிக்கும் என்று தாளில் குறித்தோம். அதற்கும் சிரித்தார்கள்.

அதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கல்லூரி முதல்வர் டாக்டர் பத்மநாபன். வைத்தியம் படித்தவர், வெளிநாடு போய் வந்தவர். இந்தக் கட்டுரையில் நான் சண்டை போடப்போவது அவரோடுதான், ஆகவே அவருடைய பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் வந்ததும் எங்கள் ஸ்டாப்வாட்சுகளையெல்லாம் மேஜைமேல் வரிசையாக வைக்கச் சொல்வார். தன் சட்டைப் பைக் கடிகாரத்தோடு ஒவ்வொன்றையும் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பார். ஒரு நொடி பிசகினாலும் அந்தக் கடிகாரத்துக்கு அன்று விடுமுறை. நாடியைக் கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குவது அவருக்கு ஆகவே ஆகாது. “மீதி முக்கால் நிமிஷம் அந்த இதயம் என்ன பண்ணுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்பார். முழு நிமிஷமும் எண்ண வேண்டும். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. தப்புக் கண்டால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கு நாங்கள் நடுங்கியதுபோல வேறு எதற்கும் நடுங்கியதில்லை. ஓர் எண்ணை அவர் கூட்டியோ குறைத்தோ சொன்னார் என்று அவருடைய பகையாளிகூடச் சொல்ல மாட்டான்.

சண்டைக்குக் காரணமான கொல்லிமலை விஷயம் இப்படி வந்தது. மலைமேல் திண்ணனூர் நாடு என்று சொல்லும் ஊர்க்கூட்டத்தில் கூரை போட்ட பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே வாத்தியார் வெள்ளையன். மலையிலிருந்து இறங்கி வந்து, அடிவாரத்தில் ஒருவர் வீட்டில் தங்கி, எட்டாவது தேறியவன். இருபத்திரண்டு வயசிருக்கும். பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லையென்றால் வருகிற ஆண்டு அந்தப் பள்ளியை மூடிவிடுவோம் என்று மேலேயிருந்து உத்தரவு போயிருந்தது. வேறு எந்தப் பயிற்சியிலும் இடம் கிடைக்காமல் அவன் எங்கள் வகுப்புக்கு மனுப் போட்டான். மலையிலிருந்து வந்த முதல் மனு அதுதான். பல்கலைக்கழகம் சும்மா இருக்குமா? அந்த மக்களின் உடல்தகுதியை நேரில் அளந்து அறிக்கை கொடுங்கள், தகுதி இருந்தால் மலைக்காரர்களுக்கு ஆண்டுதோறும் ஓர் இடம் ஒதுக்கலாம் என்று எழுதியது. நகரத்துப் பையன்களை அப்படி ஊரோடு நிறுத்தி அளந்ததே கிடையாது. நான் அதைக் கேட்டேன். முதல்வர் எடுத்துப்போக வேண்டிய கருவிகளின் பட்டியலை என் கையில் கொடுத்தார்.

தை மாதம் போனோம். மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அதற்குமேல் கால்தான் வண்டி. எடை பார்க்கும் இயந்திரம், மூச்சளக்கும் கண்ணாடி ஜாடி, ஒன்றரை அடி உயரத்தில் ஆறு பேர் வரிசையாக ஏறி இறங்கக்கூடிய நீளப் பலகை, அரிசி மூட்டை, முதல்வரின் மடக்குக் கட்டில் எல்லாவற்றையும் மலைக்காரர்கள்தான் சுமந்தார்கள். வெறுங்கையோடு ஏறிய என் மாணவர்கள் எட்டுப் பேரும் பாதியிலேயே நாக்குத் தள்ளிப் போனார்கள். விளையாட்டில் கோப்பை வாங்கிய பயல்கள்! நான் முன்னால் முதல்வரோடு நடந்துகொண்டிருந்ததால் பின்னால் சுமைக்காரர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்க்கவில்லை. அதைப் பார்க்காதது என் தவறு. அதற்கு நான் யார்மேலும் பழி போட மாட்டேன்.

பள்ளிக்கூடத்து முன்வாசலில் பலகையைப் போட்டோம். சோதனை இதுதான். ஆறு பேர் பலகை முன்னால் நிற்பார்கள். ‘டக் டக்’ என்று தாளம் போடும் கருவி நிமிஷத்துக்கு இருபத்துநாலு ஏற்றம் கேட்கும். முடிகிற வரைக்கும் ஏறி இறங்க வேண்டும். எவன் நிறுத்துகிறானோ அவன் நிமிஷத்தைக் குறித்து, உடனே உட்காரவைத்து நாடி எண்ண வேண்டும். ஆளுக்கு ஒரு மாணவன் பக்கத்தில் தயாராக நிற்பான். கல்லூரியில் இப்படி வரிசையாக ஏறவிடுவது நல்ல ஏற்பாடு. பக்கத்தில் இருப்பவன் இறங்கட்டும், அப்புறம் நாம் இறங்கலாம் என்று எங்கள் பையன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று நிமிஷம் தாக்குப் பிடிப்பார்கள்.

முதல் ஆறு பேரில் வெள்ளையன் இருந்தான். ஓரத்தில் பெரியாண்டிக் கவுண்டர். ஐம்பது தாண்டியவர், முந்தின வாரம் காலில் முள் ஏறி வீங்கியிருந்தது. வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. “எல்லாரும் ஏறறப்ப நா மட்டும் வேடிக்கை பாக்கறதுங்களா?” என்றார். தாளம் தொடங்கியது. ஆறு பேரும் ஒரே ஆள்போல ஏறி இறங்கினார்கள், முகத்தில் ஒரு சுளிப்பில்லை. நாலாவது நிமிஷத்தில் பெரியாண்டிக் கவுண்டர் காலைத் தரையில் வைத்தார். மற்ற ஐந்து பேரும் அடுத்த மூச்சில் இறங்கி உட்கார்ந்தார்கள்.

எனக்கு முகம் தொங்கிப் போயிற்று. அடுத்த ஆறு பேர். ஆறு நிமிஷம், எல்லோரும் ஒன்றாக இறங்கினார்கள். அடுத்தது மூன்று நிமிஷம். ஐந்து வரிசை, முப்பது ஆள். முதல்வர் முப்பதையும் கூட்டி முப்பதால் வகுத்தார். நாலரை நிமிஷம் வந்தது. நோட்டில் அவர் எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். ‘சுமை தூக்கும் பழக்கம் இருந்தும் நீடித்த உழைப்புக்கான உடல்வலிமையும் மனவுறுதியும் இம்மக்களிடம் இல்லை. பயிற்சிக்கு ஏற்றவர்கள் அல்லர்.’

அடப்பாவமே என்று ஆகிவிட்டது. தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாடிக் கணக்கு உறைத்தது. எங்கள் பையன்கள் நிறுத்தும்போது நாடி நூற்றறுபதில் துள்ளும். இங்கே பெரியாண்டிக் கவுண்டரைத் தவிர முதல் வரிசையில் ஒருவருக்குக்கூட நூற்றுப்பத்தைத் தாண்டவில்லை. களைக்காத மனிதன் எதற்காக நிறுத்துவான்?

வெள்ளையனைத் தனியாகக் கூப்பிட்டு வைதேன், இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. “ஏப்பா, உம்பட பள்ளிக்கூடமே இதுலதான் நிக்குதுன்னு தெரியுமல்லொ? நாலு நிமிசத்துல உக்காந்துட்டியே! மூச்சுக்கூட வாங்குல!”

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். “கவுண்டரு எறங்கிட்டாருங்களே.”

“அவரு எறங்குனா உனக்கென்ன?”

“அதெப்புடிங்க? சேந்து ஏறுனா, ஒருத்தரு சொம எறக்குனா எல்லாரும் எறக்கோணுமுங்க. பலாப்பழமோ மொளகு மூட்டையோ தூக்கிட்டு மலையில போறப்ப ஒருத்தனுக்கு முடியாமப் போச்சுன்னா அவன உட்டுட்டுப் போவமுங்களா? கரடி திரியற காடு. உட்டுட்டுப் போனவன் ஊட்டுக்கு யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான். “ஏனுங்க, உங்க ஊருல உட்டுட்டுப் போயிருவாங்களா?”

மலைக்கு நேர் கீழே பிறந்தவன் நான். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து வரிசையிலும் எவன் முதலில் காலை இறக்கினானோ அவனுடைய அளவுதான் ஆறு பேர் தலையிலும் எழுதப்பட்டிருந்தது. சராசரி போட்டதும் அந்த ஒற்றுமை மறைந்து, வெறும் நாலரை மட்டும் நின்றது.

ஓடிப்போய் முதல்வரிடம் சொன்னேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டார். முடிவில் தலையை ஆட்டினார்.

“ரிசல்ட் பிடிக்கலைன்னதும் சோதனை முறையை மாத்துறதா? அது விஞ்ஞானம் இல்லை.”

“பிடிக்கலைன்னு மாத்தச் சொல்லுலீங்க. தப்பான எதையோ அளந்துட்டோமுங்க. தனித்தனியா ஏறச் சொல்லலாம்.”

“கல்லூரியில எந்த முறையோ அதே முறைதான் இங்கேயும். ஆளுக்கு ஒரு முறைன்னா ஒப்பிட முடியாது. நாளைக்கு இறங்கறோம். அறிக்கையில உங்க கையெழுத்தும் வேணும்.”

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் பாதி நியாயம்தான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. “நான் போடமாட்டேனுங்க” என்றேன். அவரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும், மூட்டை கட்டுவதற்கு முன்னால், அவருடைய அனுமதி இல்லாமல் பலகையை மறுபடி போட்டேன். வெள்ளையன் தனியாக ஏற வேண்டும். ஆனால் அவன் அசையவில்லை. சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. “எல்லாரும் உக்காந்திருக்கறப்ப நா மட்டும் எப்புடிங்க ஏறறது?” என்று நின்றான். நான் கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை.

பெரியாண்டிக் கவுண்டர்தான் வீங்கின காலை நீட்டிக்கொண்டு சொன்னார். “கண்ணு, நாங்கெல்லாம் ஊடு வந்து சேந்தாச்சு. சொம எறக்கியாச்சு. யாரும் வழியில நிக்கல. உன்ற காரியத்துக்கு நீ தனியாப் போற. ஏறு சாமி.”

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவன் ஏறினான். பத்து நிமிஷம். பதினைந்து. எங்கள் கல்லூரியில் யாரும் பதினைந்தைத் தொட்டதில்லை. மாணவர்கள் பல் விளக்குவதை விட்டுவிட்டு வந்து கூடினார்கள். இருபதாவது நிமிஷத்தில் பலகையின் கால் ஆடத் தொடங்க, இரண்டு பேர் குந்தி அதைப் பிடித்துக்கொண்டார்கள். நிமிர்ந்து பார்த்தேன், முதல்வர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. கையில் தன் பைக் கடிகாரம்.

முப்பத்தொன்றாவது நிமிஷத்தில் தாளக் கருவியின் சாவி தீர்ந்து நின்றது. வெள்ளையன் நிற்கவில்லை, நான்தான் போதும் என்றேன். முதல்வர் என்னை விலக்கிவிட்டு அவன் மணிக்கட்டைத் தானே பிடித்து முழு நிமிஷமும் எண்ணினார். எண்ணி முடித்துக் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். எதையும் எழுதவில்லை.

“ஒரு ஆளை வச்சு அறிக்கை எழுத முடியாது” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஆனி மாதம் சேர்க்கைக் கமிட்டி கூடியது. முதல்வர், நான், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்; அவர்தான் கமிட்டித் தலைவர். வெளியே தாழ்வாரத்தில் வெள்ளையன், தோளில் துண்டுப் பை. முதல்வர் அறிக்கையை வாசித்தார். நாலரை நிமிஷம், மனவுறுதி இல்லை, ஏற்றவர்கள் அல்லர். கையெழுத்து ஒன்றுதான் இருந்தது. என் கையெழுத்துக்கான இடம் காலி.

நீதிபதி என்னைப் பார்த்தார். அங்கே நான் வாதாடியிருந்தால் தோற்றிருப்பேன், முதல்வர் பேச்சுக்கு முன்னால் என் பேச்சு எடுபடுமா? ஒன்றே ஒன்று சொன்னேன். “சோதனைக்கு மறுநாள் காலையில அந்தப் பையன் நாடியை எண்ணினது யாரு, எத்தனை வந்துதுன்னு முதல்வர் ஐயாவையே கேளுங்க.”

நீதிபதி கேட்டார். எண்ணைக் கேட்டால் அவரால் பொய் சொல்ல முடியாது என்று நான் பந்தயம் கட்டியிருந்தேன். என் வேலையே அந்தப் பந்தயத்தில் இருந்தது.

“நான்தான் எண்ணினேன்” என்றார் முதல்வர். “முப்பத்தோரு நிமிஷம். நாடி நூற்று முப்பத்தெட்டு.”

“உங்க மாணவர்கள்ல இதைவிடச் சிறப்பா யாராவது?”

“இல்லை.”

நீதிபதி படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பையனுக்கு இடம் உண்டு, ஆனால் அது தனி ஆளுக்கான சலுகை, அறிக்கை அப்படியே இருக்கட்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே ஓடினேன்.

“சேத்தாச்சுப்பா! உள்ள வந்து கையெழுத்துப் போடு!”

வெள்ளையன் எழுந்தான், சிரித்தான், பிறகு கேட்டான். “எங்க சனத்தப் பத்தி எழுதுனத அழிச்சுட்டாங்களா?”

“அது கெடக்குது, உடு. உனக்கு எடம் வந்துருச்சு.”

அவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான். “அப்ப நா வருலீங்க.”

“அட மடையா! பள்ளிக்கூடத்த மூடிருவாங்கடா!”

“மூடட்டுங்க. எங்காளுக தெம்பில்லாத சனம்னு காயிதத்துல எழுதி வெச்சுட்டு, அதுல என்னிய மட்டும் ஒசத்திங்கறீங்க. நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல நின்னு எங்க புள்ளைகளுக்கு நா என்னத்தச் சொல்லிக் குடுக்கறது?” அவன் இடத்தைவிட்டு எழவில்லை. “பெரியாண்டிக் கவுண்டரு மூஞ்சிய எப்புடிங்க பாக்கறது?”

எனக்குச் செருப்பால் அடித்தாற்போல இருந்தது. நானும்தான் ஒருவனை உள்ளே தள்ளிவிட்டு மீதிப் பேரை மறந்துவிட்டு ஓடி வந்திருக்கிறேன்.

திரும்ப உள்ளே போனேன். பெட்டியிலிருந்து ஐந்து வரிசைகளின் மூலத் தாள்களை எடுத்து, சராசரியாக இல்லாமல் வரிசை வரிசையாக மேஜைமேல் பரப்பினேன்.

“ஐயா, நாலு நாலு நாலு நாலு நாலு நாலு. இந்தப் பக்கம் ஆறு ஆறா வருது. அந்தப் பக்கம் மூணு மூணா வருது. ஆறு இதயம் ஒரே நொடியில களைக்குமுங்களா? நீங்க சொல்லிக் குடுத்த கணக்குத்தானுங்க. இந்த அறிக்கை இப்படியே போச்சுன்னா, இந்தத் தாள்களை நான் பல்கலைக்கழகத்துக்கு நேரா அனுப்புவேன். வேலையிலிருந்து எடுத்தாலும் அனுப்புவேன்.”

“மிரட்டுறீங்களா?” என்றார் முதல்வர், குரலை உயர்த்தாமல்.

“ஆமாங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தாள்களைத்தான் பார்த்தார், ஒவ்வொன்றாக, விரலை வைத்து. ரொம்ப நேரம் பார்த்தார். நீதிபதி தொண்டையைச் செருமினார். அதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துத் தன் சொந்த வாக்கியத்தின்மேல் கோடு போட்டார். அதற்கு மேலே சின்ன எழுத்தில், ‘இச்சோதனையிலிருந்து முடிவு கூற இயலாது’ என்று எழுதி, தேதி போட்டார். பாராட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை, அதுவும் அவர் சுபாவம்.

பென்சிலைப் பையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். “அறிக்கை என்னோடது, திருத்திட்டேன். வகுப்பும் என் கல்லூரியோடதுதான். மேலதிகாரியை மிரட்டற ஒருத்தர் அதுக்குத் தலைவரா இருக்க முடியாது. நாளைக்குச் சாவியை ஒப்படைச்சுருங்க. கல்லூரியை ஒட்டின சின்னப் பள்ளிப் பிரிவுக்கு டிரில் எடுங்க.”

“சரிங்க” என்றேன். வருத்தம் தெரிவிக்கச் சொல்லி நீதிபதி கண்ஜாடை காட்டினார். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. அன்று தெரிவிக்காத வருத்தத்தை இந்த மலரிலும் தெரிவிப்பதாக இல்லை.

தாழ்வாரத்தில் வெள்ளையன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

“அழிச்சாச்சு” என்றேன். “அவரு கையாலயே அழிச்சாரு. நா பாத்தேன்.”

“நெசமாலுங்களா?”

“நெசமாத்தான். போ.”

பையைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்தான். வாசல்வரை போய் நின்று திரும்பினான். “நீங்களும் வாரீங்கல்லொ?”

“நீ போ கண்ணு. எனக்கு வேற வகுப்பு இருக்குது” என்றேன்.

அவன் உள்ளே போனான். அந்த ஆண்டு முழுக்க அவனுக்கு வேறு ஒருவர்தான் பாடம் எடுத்தார்.